வகுப்புக்கா, மேடைக்கா? செயற்கைத் தோல் மிருதங்கம்: வாசிப்பவரும் கற்பிப்பவருமான ஒருவரின் மதிப்பீடு

மிருதங்கம் வாசிப்பதையும் அதைக் கற்றுக்கொடுப்பதையும் தொழிலாகக் கொண்ட ஒருவர், செயற்கைத் தோல் பூட்டிய மிருதங்கத்தைக் கைக்காசு போட்டு வாங்கலாமா என்று கேட்டால், கற்றுக்கொடுப்பதற்கு வாங்கலாம், கச்சேரிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் விடை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் வலந்தலையில் (வலக்கை வாசிக்கும் முகத்தில்) பெரும்பாலும் தேறிவிடும் ஒரு வாத்தியம் தொப்பியில் (இடக்கை வாசிக்கும் முகத்தில்) ஏன் தடுக்கி விழுகிறது, தொடக்க மாணவருக்குப் பேருதவியாக இருக்கும் அதே குணம் சில காலம் கழித்து அவருக்கே ஏன் கேடாக முடிகிறது என்பவற்றை விரித்துச் சொன்னால்தான், வாங்க நினைப்பவர் தம் தேவையைப் பார்த்து முடிவு செய்ய முடியும். இவ்வகை மிருதங்கத்தை ஒருவருக்கு மேற்பட்டோர் செய்து விற்கிறார்கள். நான் எழுதுவது வகையைப் பற்றியது என்பதால் எந்தத் தயாரிப்பாளரின் பெயரையும் இங்கே எடுக்கவில்லை.

முதலில் பொருளை விவரித்துவிடுகிறேன். பலா மரத்தைக் குடைந்து செய்யும் கட்டைக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் வார்த்த கட்டை இருக்கிறது. முகங்கள் இரண்டும் பாலியெஸ்டர் படலத்தால் ஆனவை. வலந்தலையின் நடுவே, கிட்டக் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து தேய்த்துத் தேய்த்துப் போடும் கரணைக்குப் பதிலாக, ஒரு செயற்கைக் கலவையால் ஆன கருவட்டம் பதிந்திருக்கிறது. தொப்பியில் ரவை அப்ப வேண்டியதில்லை. அந்தக் கனத்தைத் தருவதற்கென்று நிலையாக ஒட்டிய ஒரு பூச்சு உண்டு. எருமைத்தோல் வாரை இழுத்துப் பின்னும் இடத்தில் உலோகக் கம்பிகளும் திருகாணிகளும் இருக்கின்றன. இவற்றுள் கண்ணாடி இழைக் கட்டை மேடைக்குப் புதியது என்று சொல்ல முடியாது. மிருதங்க வித்துவான் உமையாள்புரம் கே. சிவராமன் அதை அறிமுகப்படுத்தியதோடு, பதப்படுத்திய தோலுக்கும் பதப்படுத்தாத தோலுக்கும் உள்ள வேறுபாடுகளையும் ஆராய்ந்தவர். வாருக்குப் பதிலாகத் திருகாணி பூட்டிய மரக்கட்டை மிருதங்கத்தைப் பயணத்துக்கென்று வைத்திருக்கும் வித்துவான்களும் இருக்கிறார்கள். எனவே உண்மையில் புதியது என்று சொல்லத்தக்கது முகம் ஒன்றுதான். இந்த மதிப்பீடும் பெரும்பாலும் முகத்தைச் சுற்றியே வரும்.

இத்தொழில் எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மிருதங்க வித்துவானுக்குக் கச்சேரிச் சன்மானம் சீராக வருவதில்லை. சென்னையில் மார்கழி மாதத்தில் ஒரு சபையில் வாசித்து முடித்த கையோடு மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த சபைக்கு ஓடுபவருக்கும், வேறு மாதங்களில் மேடை அரிதாகிவிடும். ஆண்டு முழுவதும் வீட்டை நடத்துவது வகுப்புதான். ஆயினும் மாணவர்கள் தேடி வருவது மேடையில் எடுத்த பெயரைக் கேட்டுத்தான் என்பதால், இரண்டில் ஒன்றை விட்டுவிடவும் இயலாது. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதை 1966இல் பெற்ற பாலக்காடு மணி ஐயர்தான் அவ்விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர். அந்த உயரத்தைத் தொட்டவரும் பிற்காலத்தில் ரிஷிவேலிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். டி. ரங்கநாதன் 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான திருச்சி சங்கரன் 1971 முதல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே கச்சேரி மேடையையும் விடாதிருந்தார். ஆக, ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார். அந்த இரண்டு வேலையும் வாத்தியத்திடம் கேட்பது ஒன்றல்ல. மேடைக்கு நாதம் வேண்டும். வகுப்புக்கு, எடுத்து வைத்தவுடன் சுருதியில் நிற்கும் ஒரு வாத்தியம் வேண்டும். விற்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வலந்தலையிலிருந்து தொடங்குகிறேன். நம் மிருதங்கத்தைப் பிற முரசுகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது கரணை. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால், அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் அதன் முழு மடங்குகளாக அமைவதில்லை. அவை ஏறத்தாழ 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கின்றி விழும். அதனால்தான் பல முரசுகளில் ஓசை இருக்கும், சுருதி இருக்காது. தோலின் நடுவே கனத்தை ஏற்றி ஓரத்தை நோக்கி மெலிய விட்டால், அதிர்வுகள் இழுக்கப்பட்டு 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் வந்து நிற்கின்றன. சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். பின்னர் 1934இல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். ஒன்பது வகையான அதிர்வுகள் தமக்குள் கூடிச் சேர்ந்து ஐந்து இசைச்சுரங்களாக ஒலிக்கின்றன என்பது அவர் கண்டது. இந்தக் கணக்கு எதையும் அறியாமலே, காதை மட்டும் நம்பிக் கரணையின் அளவையும் தடிமனையும் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தியவர்கள் மிருதங்கம் செய்பவர்கள்.

செயற்கை முகத்தைச் செய்பவர்களுக்கு இந்தப் பாதி எளிதாகவே கைகூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கனத்தை எங்கே, எவ்வளவு வைக்க வேண்டும் என்பது கணக்கில் அடங்கும் செய்தி. படலமும் எங்கும் ஒரே தடிமனாக இருக்கிறது. தோலில் அந்த ஒழுங்கு கிடைக்காது. ஒரே தோலில் முதுகுப் பக்கம் ஒரு தடிமன், வயிற்றுப் பக்கம் ஒரு தடிமன். எனவே செயற்கை மிருதங்கத்தில் மோதிரவிரலைக் கரணையின் ஓரத்தில் வைத்து ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்டும் 'நம்' என்ற மீட்டுச் சொல் (ஒவ்வோர் அடிக்கும் உரிய பெயரைச் சொல் என்போம்), முகத்தை எந்தப் பக்கம் திருப்பித் தட்டினாலும் ஒரே சுருதியில் தெளிவாக நிற்கிறது. 'தின்' சொல்லும் குறை சொல்ல முடியாதபடி வருகிறது. தம்புராவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மீட்டை மட்டும் கேட்டால், பழகிய காதும் ஒரு கணம் தயங்கும்.

ஆனால் சாப்பு (வலந்தலையை அதிர விட்டு அடிக்கும் சொல்) வரும்போது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. தோலுக்குத் தன் அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. பாலியெஸ்டருக்கு அது குறைவு. ஆகவே சாப்பின் ஓசை விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இழுத்துக்கொண்டே நிற்கிறது. விளம்ப காலத்தில் இது இனிமையாகக்கூடத் தோன்றும். மூன்றாம் காலத்தில் பரன் (விரைவான சொற்களின் தொடர்) வாசிக்கும்போதோ, ஒரு சொல்லின் கார்வை (நீளும் ஓசை) அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொண்டு சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அதோடு, குச்சி மிருதங்கத்தில் கரணைத் தோலுக்கும் மேல்தட்டுக்கும் இடையில் செருகிய துண்டுகளால் கிடைக்கும் அந்த மெல்லிய இரைச்சலும், கப்பி மிருதங்கத்தில் பொடிக்கல் தரும் கரகரப்பும் இதில் இல்லை. சில தயாரிப்புகளில் அதற்கென்று ஏதோ செய்து பார்த்திருக்கிறார்கள். விளைவு நான் கேட்ட வரையில் செருகிய பொருளின் ஓசையாகவே தனித்துக் கேட்கிறதே தவிர, நாதத்தோடு கரைவதில்லை. எந்தக் கலைஞரும் தமக்குப் பிடித்த நாதத்தை விவரிக்கச் சொன்னால் முதலில் சொல்வது இந்தக் கரைதலைத்தான்.

தொப்பியைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வாத்தியத்தின் தோல்வி அங்கேதான் இருக்கிறது. தோல் மிருதங்கத்தில் கச்சேரிக்குச் சற்று முன்பு ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறோம். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறோம். எவ்வளவு ரவை, எவ்வளவு ஈரம், எவ்வளவு அகலம் என்பவற்றைக் கூட்டிக் குறைத்துத் தொப்பியை வலந்தலையின் சுருதிக்கு இணங்க இறக்கிக்கொள்கிறோம். பாடகர் அன்றைக்குச் சுருதியை அரைக்கட்டை (கட்டை என்பது இங்கே சுருதியின் அளவு) குறைத்துக்கொண்டாலும் ஒரு சிட்டிகை ரவையில் சரிசெய்துவிட முடியும். செயற்கைத் தொப்பியில் பூச்சு நிலையானது. திருகாணியால் முகத்தை இறுக்கவும் தளர்த்தவும் முடியுமே தவிர, கனத்தை மாற்ற முடியாது. அதனால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டுமே தொப்பியும் வலந்தலையும் மனமொத்து ஒலிக்கின்றன. அந்தச் சுருதியைவிட்டு நகர்ந்தால் தொப்பி வெறும் பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை கும்கி. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொப்பியில் அழுத்தி நகர்த்தும்போது ஓசை வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறதே, அதற்குத் தோலின் நெகிழ்வும் வேண்டும், கைக்கும் தோலுக்கும் இடையே ஓர் இளம்பிடிப்பும் வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பை ஒலிப்பதிவுகளில் கேட்டவர்களுக்குத் தொப்பி ஒன்றாலேயே ஒரு கீர்த்தனையை எப்படித் தாங்கிப் பிடிக்க முடியும் என்பது தெரியும். (அவர் இடக்கை வாசிப்பாளர், பக்கம் மாறி அமர வேண்டியிருந்ததால் அவருக்கு வந்த தொல்லைகள் தனிக்கதை.) செயற்கைப் படலத்தில் கை வழுக்குகிறது, அல்லது வியர்வை பட்டால் ஒட்டிக்கொண்டு கீச்சிடுகிறது. ஓசை ஏறும் வீச்சு குறுகலாக இருக்கிறது. முகமாவு தடவிப் பார்த்தால் சிறிது நேரத்துக்குச் சரியாகிறது. கச்சேரி முழுவதும் நிற்பதில்லை. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இதை ஒருவாறு மறைத்துவிடலாம், கணக்கும் வேகமும் கேட்பவரின் கவனத்தை இழுத்துக்கொள்ளும். விளம்ப காலக் கிருதியில் பாடகர் ஒரு சங்கதியை நீட்டி நிறுத்தும் இடத்தில், இடக்கையால் ஒரே ஒரு கும்கி கொடுத்துவிட்டு வலக்கையைச் சும்மா வைத்திருக்க வேண்டிய தருணத்தில், மறைக்க இடமே இல்லை. பக்கவாத்தியம் வாசிப்பவரின் தரம் தெரிவது அத்தகைய இடங்களில்தான் என்பதால், மேடைக்கு இது வேண்டாம் என்ற என் முடிவில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணமே.

ஒலிபெருக்கி இருக்கும்போது இத்தனை நுட்பம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று ஒருவர் கேட்கலாம். பாலக்காடு மணி ஐயர் கச்சேரியில் ஒலிபெருக்கியே கூடாது என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தவர். இன்றைய அரங்குகளில் அந்தப் பிடிவாதம் செல்லாது. ஆனால் ஒலிவாங்கி குறையை மறைக்கும் என்ற நம்பிக்கை தவறானது. செயற்கை முகத்தின் நீளும் ஓசையை அது இன்னும் நீட்டிக் காட்டுகிறது. ஒலி அமைப்பாளர் அதைக் கட்டுப்படுத்தக் கீழ்ச்சுரங்களைக் குறைத்தால் இருக்கும் தொப்பியும் போய்விடுகிறது. கஞ்சிரா, கடம் போன்ற உபபக்கவாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் இடங்களிலும் துணைப்பாடல், பஜனை, நாட்டிய நிகழ்ச்சிகளிலும் இது பொருந்திப் போகிறது. தனித்து நின்று குரலைத் தொடர வேண்டிய இடத்தில் பொருந்தவில்லை.

இனி வகுப்புக்கு வருகிறேன். இங்கே என் குரல் மாறும். தொடக்க மாணவர்கள் 'தா தி தொம் நம்' என்ற நான்கு சொற்களோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். இடக்கை நான்கு விரலால் 'தா', வலக்கை மூன்று விரலால் கரணையில் 'தி', தொப்பியைத் திறந்து விட்டுத் 'தொம்', பிறகு மீட்டு. இவற்றில் 'நம்' என்ற சொல் சரியாக விழுந்ததா என்பதைப் பிள்ளைக்கு அறிவிக்க வேண்டியது வாத்தியமே. தோல் மிருதங்கம் வீட்டில் ஒரு வாரம் கேட்பாரற்றுக் கிடந்தால் சுருதி இறங்கி, கரணையில் வெடிப்பு விழுந்து, சரியாக வாசித்தாலும் மந்தமான ஓசையையே தருகிறது. பிள்ளை தன் கையைச் சந்தேகப்படுகிறது, பெற்றோர் பிள்ளையைச் சந்தேகப்படுகிறார்கள். செயற்கை மிருதங்கத்தில் சரியான அடிக்குச் சரியான ஓசை, தவறான அடிக்குத் தவறான ஓசை. இந்த ஒரு நேர்மைக்காகவே தொடக்க வகுப்புகளில் அதற்கு இடம் கொடுக்கலாம். கூட்டு வகுப்பில் இது இன்னும் பெரிய வசதி. பல மிருதங்கங்களை ஒரே சுருதியில் சேர்ப்பதற்குள் வகுப்பின் பாதி நேரம் போய்விடும் தொல்லை, ஒரு முறை திருகாணியைத் திருப்பி வைத்துவிட்டால் பல நாட்களுக்கு இருப்பதில்லை.

இணையவழி வகுப்புக்கும் இது ஏற்றதே. கைப்பேசியின் ஒலிவாங்கி தொப்பியின் கீழ்ச்சுரத்தை எப்படியும் விழுங்கிவிடுகிறது. ஆகவே தொப்பியில் உள்ள குறை அங்கே தெரிவதில்லை, வலந்தலையின் தெளிவு மட்டும் தெரிகிறது. குளிர்நாடுகளில் இருக்கும் மாணவர்களுக்கு வேறொரு பயனும் உண்டு. குளிர்காலத்தில் சூடேற்றிய அறைகளின் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறி, சில வேளைகளில் கிழிந்தும் விடுகிறது. நம் ஊரின் மழைக்காலத்திலோ ஈரம் ஏறித் தோல் தொய்ந்து சுருதி இறங்குகிறது. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. மூட்டு (பின்னிச் செய்த தோல் முகம்) மாற்றித் தர அருகில் ஆளே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதுவே தலையாய காரணமாக இருக்க முடியும். அத்தகையோர் மேலே நான் சொன்ன குறைகளை எல்லாம் படித்துவிட்டுத் தயங்க வேண்டியதில்லை.

அந்த வசதிக்குள்தான் கேடும் இருக்கிறது. தோல் மிருதங்கத்தின் சுருதி இறங்கிவிடும் என்பதாலேயே மாணவர் ஒவ்வொரு நாளும் கல்லையும் மரத்துண்டையும் கையில் எடுத்து, வலந்தலை விளிம்பில் வார் கோத்த 16 கண்களையும் சுற்றி வந்து, ஓரிடத்தில் மேலிருந்து கீழாகவும் வேறோரிடத்தில் கீழிருந்து மேலாகவும் தட்டிச் சுருதியைச் சேர்க்கப் பழகுகிறார். முதலில் எல்லா இடமும் ஒன்றுபோலவே அவருக்குக் கேட்கும். சில காலம் கழித்து, இரண்டு கண்களுக்கு இடையே உள்ள இழையளவு வேறுபாடும் காதில் உறுத்தத் தொடங்கும். அந்த உறுத்தல் வந்த பிறகுதான் அவர் மிருதங்கம் வாசிப்பவராகிறார் என்பது என் கருத்து. செயற்கை மிருதங்கத்தில் மட்டுமே பழகிய மாணவர்களுக்குக் கை நன்றாக இருக்கிறது, கணக்கு நன்றாக இருக்கிறது. முத்தாய்ப்புக் கணக்குகளான கோர்வையையும் மோராவையும் பிசகின்றி வைக்கிறார்கள். ஆனால் மேடையில் தோல் மிருதங்கத்தைக் கொடுத்துத் தம்புராவோடு சேர்க்கச் சொன்னால் திகைக்கிறார்கள். கச்சேரியின் நடுவில் விளக்கின் சூட்டில் சுருதி ஏறுவதை அவர்கள் காது அவர்களுக்குச் சொல்வதே இல்லை. அகில இந்திய வானொலியின் தரத்தேர்வு போன்ற ஒன்றை எதிர்நோக்கும் மாணவர், அதற்கு வெகுமுன்பே தோலுக்கு மாறிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தொடக்கப் பாடங்கள் முடிந்து ஆதி தாளத்தில் ஒரு சிறு தனி வாசிக்கும் நிலை வந்தவுடன் மாற்றிவிடுவது நல்லது; அதற்கு மேல் தள்ளிப்போட்டால் மாறுவதே கடினமாகிவிடுகிறது.

கையைப் பற்றியும் ஒரு சொல். படலம் தோலைவிட விரைவாக விரலைத் திருப்பி எறிகிறது. அதனால் வேகம் எளிதில் வந்துவிட்டது போன்ற மயக்கம் மாணவருக்கு ஏற்படுகிறது. தோலுக்குப் போனதும் அதே வேகம் கையில் இருப்பதில்லை. விளிம்பு சில தயாரிப்புகளில் கூர்மையாக இருப்பதால் ஆள்காட்டி விரலின் முதற்கணு வலிப்பதும் உண்டு. எடை குறைவு என்பது உண்மைதான்; தூக்கிச் செல்லும்போது மகிழ்ச்சியைத் தரும் அந்த எடைக்குறைவு, பலமாக வாசிக்கும்போது வாத்தியம் மடியைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும் எரிச்சலையும் தருகிறது.

பராமரிப்புச் செலவு இல்லை என்று விற்பவர்கள் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. தொடர்ந்து கச்சேரி செய்பவருக்குக் கரணை போடுவதும் மூட்டு மாற்றுவதும் ஓயாத செலவு. அதிலும் ஒரே மிருதங்கத்தோடு யாருக்கும் காலம் கழிவதில்லை. ஒரு கட்டையில் பாடும் பாடகருக்கு 24 அங்குலத் தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கம், ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகிக்கு 22 அங்குல ஹெச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கம் என்று குறைந்தது இரண்டையாவது தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும். செயற்கை முகம் நெடுநாள் உழைக்கிறது. ஆனால் அது போகும்போது முழுதாகப் போகிறது. கருவட்டத்தில் ஒரு மூலை பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, முழு முகத்தையும் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். அவர் தொழிலைக் கைவிட்டால் உங்கள் கட்டை வீட்டு அலங்காரப் பொருள்தான். தோல் மிருதங்கத்துக்கு அந்த அச்சம் இல்லை. எந்தக் கைவினைஞரிடம் செய்ததையும் வேறொரு கைவினைஞர் எடுத்துச் சரிசெய்துவிடுவார்.

அந்தக் கைவினைஞர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்பீட்டை எழுதுவது முறையாகாது. வலந்தலைக்குப் பசுத்தோல், வாருக்கு எருமைத்தோல், இவற்றோடு ஆட்டுத்தோல் என்று தேர்ந்து, உலர்த்தி, மயிர் நீக்கி, வெட்டிப் பூட்டும் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தஞ்சாவூர்ப் பகுதியில் அவர்களில் பலர் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவுக்கு உள்ள பங்கு சிறிதல்ல. வாசிப்பவர் ஒரு குறையைச் சொல்ல, செய்பவர் தோலையும் கரணையையும் மாற்றிப் பார்க்க, இருவருமாகச் சேர்ந்து தேடியதே அந்த ஓசை. மேடையில் ஒருவருக்குப் பொன்னாடை, மற்றவருக்குக் கூலி என்பது நம் கலையுலகின் நெடுநாளைய அநீதி. செயற்கைத் தோலை, தோலைத் தொடத் தேவையில்லாத 'தூய்மையான' மிருதங்கம் என்று விளம்பரப்படுத்துவதை நான் சில இடங்களில் கண்டிருக்கிறேன். விலங்குத் தோலைப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்களின் உணர்வை மதிக்கிறேன், அது வேறு. தூய்மை என்ற சொல்லை அங்கே கொண்டுவந்து வைப்பது, இதுநாள் வரை தோலைத் தொட்டு நமக்கு நாதம் தந்தவர்களை இழிவுபடுத்துவதாகும். வாங்குபவர்கள் அந்த விளம்பர வாசகத்தை ஏற்க வேண்டியதில்லை.

செயற்கைத் தோல் எந்த வாத்தியத்திலும் தோற்றுத்தான் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. மேலைநாட்டு டிரம் வகைகளில் 1950களின் இறுதியிலேயே பாலியெஸ்டர் முகங்கள் சந்தைக்கு வந்து, விரைவிலேயே கன்றுத்தோலை ஏறத்தாழ முற்றிலும் விரட்டிவிட்டன. அங்கே குச்சியால் அடிக்கிறார்கள். அதிலும் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் டிம்பனி முரசுகளில் இன்றும் ஆட்டுத்தோல்தான். மிருதங்கத்தில் குச்சி இல்லை, விரலும் உள்ளங்கையும் முகத்தின் மேலேயே தங்கி ஓசையைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தொடுகைக்கு ஈடுகொடுக்கும் படலம் ஒன்று வந்தால், குறிப்பாகத் தொப்பிக்கு வந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தடையேதும் இல்லை.

வாங்க முடிவு செய்தவர்கள் கடையில் நின்று சில சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் வாசித்துக் காட்டுவதை நம்பாமல் நீங்களே மடியில் வைத்து, முகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விளிம்பு முழுவதும் மீட்டுச் சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மாணவர்கள் பெரும்பாலும் எந்தச் சுருதியில் வாசிப்பார்களோ அந்தச் சுருதிக்கு ஏற்றச் சொல்லி, அங்கே தொப்பி எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் வைத்துக் கொடுத்த சுருதியில் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் வீட்டுக்கு வந்த பின் ஏமாற்றம் காத்திருக்கும். கையைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு கும்கி கொடுத்துப் பாருங்கள். திருகாணிகளில் தளர்வு இருந்தால் வாசிக்கும்போது உலோக அதிர்வு கேட்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு எந்தத் திருகாணி என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. மாற்று முகம் தனியாகக் கிடைக்குமா, அதைப் பூட்ட அவர்களிடமே அனுப்ப வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழில்முறைக் கலைஞராகவும் ஆசிரியராகவும் இருப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். வகுப்பறைக்கு ஒரு செயற்கை மிருதங்கம் இருக்கட்டும். நாள் முழுவதும் அடிவாங்குவதற்கும், மாணவர் கையில் நம்பிக் கொடுப்பதற்கும் அதைவிட உறுதியான ஒன்று இல்லை. பயணக் கச்சேரிகளுக்கு, கண்ணாடி இழைக் கட்டையில் தோல் மூட்டைத் திருகாணியால் பூட்டிய கலப்பு மிருதங்கத்தைப் பாருங்கள். எடையும் குறைகிறது, கும்கியும் போகவில்லை. உள்ளூர்க் கச்சேரிக்குப் பலாக்கட்டையும் வாரும் கரணையும்தான். செயற்கை மிருதங்கம் வாங்கியதால் மிச்சமாகும் மூட்டுச் செலவில் ஒரு பகுதியை, மேடை மிருதங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கைவினைஞருக்குக் கூலியை உயர்த்திக் கொடுப்பதில் செலவிடுங்கள். மார்கழி நெருங்கும்போது எல்லா வித்துவான்களும் ஒரே நேரத்தில் அவர் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதால், ஐப்பசியிலேயே மூட்டுகளைக் கொடுத்துவிடுவதும் நல்லது.